உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காடு சொல்லித் தரும் ஃபாரின் டூர் பாடங்கள்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மீனவக் குப்பங்கள். அரபு வணிகர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் என்று வெளிநாட்டார் வந்து இறங்கிய ஊர். துணியும் நண்டும் இங்கிருந்து கடல் கடந்து போயின. லீவுக்குக் குடும்பத்தோடு விமானம் ஏறப் போகிறவர்களுக்கு வேண்டிய பாடமெல்லாம் இந்த ஊரிலேயே கிடைக்கிறது. பொறுக்கி எடுத்தவை இதோ.

சீசன் பார்த்து டிக்கெட் போடுங்க

அந்தக் கால ஐரோப்பியக் கப்பல்கள் ஐப்பசி பிறக்கும் நேரத்தில் சோழமண்டலக் கரையை விட்டுக் கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வந்தால் நங்கூரம் தாங்காது. ஒதுங்கி நிற்க இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகமும் இல்லை. "டிக்கெட் பாதி விலைக்குக் கிடைச்சுது" என்று மார் தட்டும் அப்பாக்கள் கவனிக்க: பாதி விலைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். போகிற ஊரில் அப்போது மழையா, பனியா, வெயிலா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஆகஸ்டில் துபாய்க்குப் போய், ஷாப்பிங் மாலை விட்டு வெளியே வராமலே திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ!

ரிட்டர்ன் டிக்கெட் அன்றைக்கே உண்டு

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டு வணிகர்களுக்கு மலாக்கா கிட்டத்தட்ட இன்னொரு வீடு. போக ஒரு பருவக்காற்று, வர இன்னொரு பருவக்காற்று. காற்று திசை மாறும்வரை போன இடத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான். இன்று காற்றின் வேலையைக் குடியேற்ற அதிகாரி பார்க்கிறார். சுற்றுலாவுக்கு வருகிறவரிடம் திரும்பும் டிக்கெட்டைக் கேட்கும் நாடுகள் பல. போனில் மட்டும் வைத்துக்கொண்டு, சார்ஜ் தீர்ந்து விழிக்க வேண்டாம். தாத்தா சொல்கிறபடி ஒரு பிரதி எடுத்துப் பையில் வையுங்கள். இந்த விஷயத்தில் தாத்தா கட்சிதான் சரி.

கையில் காசு இருந்தால் போதாது

டச்சுக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க இந்தோனேசியத் தீவுகளுக்கு வெள்ளியோடு போனார்கள். தீவுக்காரர்களோ சோழமண்டலத் துணியைத்தான் விரும்பினார்கள். அந்தத் துணியைத் தேடித்தான் டச்சுக் கம்பெனி பழவேற்காட்டுக்கு வந்தது; பின்னாளில் இங்கேயே நாணயமும் அடித்தது. பாடம் எளிது: ஊருக்கு ஊர் செல்லுபடியாவது வேறு. ஒரு கார்டு, கொஞ்சம் உள்ளூர்ப் பணம், அவசரத்துக்குக் கொஞ்சம் டாலர் என மூன்றையும் வெவ்வேறு பைகளில் பிரித்து வையுங்கள். அப்பாவின் பர்ஸ் ஒன்றே கஜானா என்றால், அது தொலைந்த அன்றே டூர் முடிந்தது.

பேக்கிங் கலையில் நண்டுதான் குரு

பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் போகிறது. கொடுக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, செவுள் காயாதபடி ஈரமாக வைத்துவிட்டால், தண்ணீருக்கு வெளியேயும் சில நாள் தாங்கும். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு பையன் தள்ளி நின்று பார்த்தான்.

"அக்கா, கடிக்காதா?"

"கட்டிப் போட்டாச்சு இல்ல, இன்னா பண்ணும்? ஃபாரின் போற வரைக்கும் இப்டியேதான் கீது. நீ கிட்ட வா, ஒண்ணும் ஆவாது."

கூடுதல் லக்கேஜ் கட்டணம் கிடையாது, நடுவழியில் "பசிக்குது" கிடையாது, பக்கத்தில் இருப்பவரோடு சண்டையும் கிடையாது. ஏழு கிலோ கைப்பைக்குள் பதினோரு கிலோ திணித்துவிட்டு, கவுன்டர் முன்னால் சூட்கேஸைத் திறந்து போட்டு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டராக மாட்டிக்கொள்கிற நாம் இதனிடம் கற்க நிறைய இருக்கிறது.

அஞ்சறைப் பெட்டியில் ஒரு ஆபத்து

குருமாவுக்கு அரைக்கிற கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அது ஓபியம் செடியின் விதை என்பதுதான் காரணம். கொப்பரைத் தேங்காயோ எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடியது என்று விமான விதிகளில் அபாயப் பொருளாக இருக்கிறது. பழவேற்காட்டுக் கருவாட்டை ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால், முதலில் அந்நாட்டு விதியைப் பாருங்கள். இறங்கியதும் தரும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அபராதம். கருவாட்டை மறைப்பது எப்படியும் நடக்காத காரியம் என்பது வேறு விஷயம்.

எலும்புக்கூடு காட்டும் கடிகாரம்

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் கையில் மணற்கடிகாரம். வாழ்நாள் கரைகிறது என்பது அதன் தத்துவம். நமக்கு வேண்டிய தத்துவம் இன்னும் சின்னது: வெளிநாட்டு விமானத்துக்கான செக்-இன் கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். "அவ இன்னும் பூ வெச்சு முடிக்கலை" என்பதை எந்த விமான நிறுவனமும் காரணமாக ஏற்பதில்லை.

அப்படியே இன்னொன்று. அந்த வாசலில் குடும்பமாக செல்ஃபி எடுக்கிறவர்கள், யாருடைய தோளுக்குப் பின்னால் எலும்புக்கூடு எட்டிப் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு கிளிக் செய்யுங்கள். மாமியாராக இருந்தால் மறுபடி எடுப்பது நல்லது.

தண்ணீர் கேட்டு வந்தவர்கள்

1606இல் ஒரு டச்சுக் கப்பல் பழவேற்காட்டுக்கு வடக்கே கரிமணல் கிராமத்தில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டது; அங்கிருந்த முஸ்லிம்கள் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு. அந்தத் தாகத்தில் தொடங்கிய உறவு இருநூறு ஆண்டுக்கு மேல் நீண்டது. உங்கள் தாகத்துக்கு விமான நிலையத்தில் அவ்வளவு நல்ல வரவேற்பு இருக்காது. பாதுகாப்புச் சோதனைக்கு முன் பாட்டிலைக் காலி செய்யுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே போனதும் குழாயில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

"டிலே" என்றால் கோபப்படாதீங்க

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். தொழில்நுட்பக் கோளாறு. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22 அன்று புறப்பட்டது. நிலவுக்கே ஒரு வாரம் தாமதமாகப் போகலாம் என்றால், கோலாலம்பூருக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போனால் குடி முழுகாது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் அரை மணி நேரம் ஓடும். மீதி இரண்டரை மணி நேரத்துக்குச் சீட்டுக்கட்டு எடுத்துப் போங்கள்.

ஜன்னல் சீட்டுக்குப் பாடு முறை

ஏரியின் முகத்துவாரம் பக்கம் மீன்பிடிக்க ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் இது தலைமுறை தலைமுறையாக வருகிறது. நீர் வற்றும்போது இறால் எந்த வழியாகக் கடலுக்கு ஓடும் என்று வலைக்காரர்களுக்குத் தெரியும். அந்த வழியில் சில இடங்கள் அள்ளித் தரும். சில இடங்கள் கையை விரிக்கும். எல்லோரும் நல்ல இடத்துக்கே பாய்ந்தால் வலை சிக்கும், வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகும். அதனால் தலைக்கட்டுக் கணக்கு உள்ளவர்களுக்குச் சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் அடுத்து எனக்கு. முறை மாறி வருவதால் வருமானமும் பரவும், சண்டையும் குறையும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதுபோல் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது.

இரண்டு பிள்ளைகள், ஒரு ஜன்னல் சீட்டு என்றால் வீட்டிலேயே சீட்டுக் குலுக்கிவிடுங்கள். போகும்போது அக்கா, வரும்போது தம்பி. ஓட்டலில் ஜன்னலோரப் படுக்கை, டாக்சியில் முன்சீட், லிஃப்டில் பட்டன் அமுக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் இதே முறை. முறை எழுதிய தாள் அம்மாவிடம் இருக்கட்டும். அப்பாவிடம் கொடுத்தால் தொலைந்துவிடும்.

"சார், சீட் மாத்திக்கலாமா?"

1824இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். டச்சுக்காரர்கள் மலாக்காவையும் இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களையும் ஆங்கிலேயருக்கு விட்டார்கள். ஆங்கிலேயர் சுமத்ராவில் இருந்த பெங்கூலனை டச்சுக்காரருக்குக் கொடுத்தார்கள். 1825இல் பழவேற்காடு கைமாறியது. விமானத்தில் குடும்பம் சேர்ந்து உட்கார இடம் மாற்றக் கேட்பவர்களுக்கும் இதுதான் இலக்கணம்: கொடுக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்து நடு சீட்டைக் காட்டி அடுத்தவரின் ஜன்னல் சீட்டைக் கேட்டால் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாது.

104 பேர், ஒரே வண்டி

2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-37 ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள். பொன்னேரி ஷேர் ஆட்டோவே வெட்கப்படும் கூட்டம். இதில் 101 வெளிநாட்டுடையவை; அவற்றில் ஒன்று நெதர்லாந்தின் செயற்கைக்கோள். டச்சுக்காரர்கள் கப்பலில் வந்திறங்கிய கரைக்கு அருகிலிருந்தே அவர்கள் நாட்டுச் சரக்கு விண்ணுக்குப் போயிருக்கிறது! இத்தனையும் ஒன்றோடொன்று மோதாமல் இறங்கியதற்குக் காரணம், ஒவ்வொன்றாக வரிசையில் விடுவித்ததுதான். விமானம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று மேல் பெட்டியை இழுக்கிற அவசரக்காரர்கள் கவனிக்க.

பெற்றோர் முன்னால், பிள்ளை பின்னால்

சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளான் குளிர்காலத்தில் நம் உப்பங்கழிகளுக்கு வருகிறது. முதலில் கிளம்புவது அப்பா. அடுத்து அம்மா. அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் கடைசியாக, துணையில்லாமல், வழி தெரியாத தூரத்தைத் தாங்களாகவே பறந்து கடக்கின்றன. பறவைக்குச் சரி. நம் வீட்டில் யாரும் முன்னால் ஓட வேண்டாம். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று ஓர் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் ஓட்டல் முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

வயிற்றுக்குள் ஒரு கடிகாரம்

பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. சூரியன் நிற்கும் இடத்தைத்தான் அது சொல்லும். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. பழவேற்காடு அதற்கு மேற்கே இருப்பதால், ஊரின் சூரிய நேரம் கைக்கடிகாரத்தைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் பின்தங்கியிருக்கும். ஒன்பது நிமிடம் யாரையும் படுத்தாது. சிங்கப்பூரின் இரண்டரை மணி நேரம் படுத்தும். விமானம் ஏறியதுமே கடிகாரத்தைப் போகிற ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். மூளை ஒப்புக்கொள்ளும். பாட்டியின் காபி நேரம் மட்டும் எந்த நாட்டிலும் மாறாது. காபித்தூள் மறக்க வேண்டாம்.

தங்குமிடத்தின் பூட்டு

1610இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகக்கூடம் போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர்கள் அதைத் தாக்கினார்கள். 1613இல் எழுந்தது கெல்ட்ரியா கோட்டை. இன்று அந்தக் கோட்டை முட்புதருக்குள் சிதைந்து கிடக்கிறது. அறை எடுக்கும்போது குளத்தைப் பார்த்த பால்கனியை மட்டும் விசாரிக்காமல், கதவு சரியாகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். கோட்டை கட்டும் அளவுக்குப் போக வேண்டாம்.

வாயுள்ள பிள்ளை எங்கேயும் பிழைக்கும்

1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுப் பாதிரியாராக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்து சமயத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்கள் டச்சு மொழிக்குப் போனது அப்படித்தான். இருவரும் பேசியது தமிழிலும் இல்லை, டச்சிலும் இல்லை. இருவருக்கும் அரைகுறையாகவோ நிறையவோ தெரிந்த போர்த்துகீசிய மொழியில்! ஆக, போகிற நாட்டின் மொழி வரவில்லையே என்று ஓட்டல் அறைக்குள் ஒடுங்க வேண்டாம். "வணக்கம்", "நன்றி", "காரம் வேண்டாம்" இந்த மூன்றை அந்த ஊர் மொழியில் கற்றுக்கொண்டால் போதும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

தலைகீழாகச் சாப்பிடுகிறவர்

ஏரிக்கு வரும் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடும். பிறக்கும்போது குஞ்சு சாம்பல் நிறம்தான். பாசியிலும் சிற்றிறாலிலும் இருக்கும் நிறமிகள் உடம்பில் சேரச் சேர இளஞ்சிவப்பு ஏறுகிறது. ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டால்தான் அதற்கு அழகே! பாங்காக்கில் இறங்கி "சரவணபவன் எங்கே?" என்று முதல் நாளே தேடுகிறவர்கள் ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். குச்சியில் நூடுல்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறும்போது பூநாரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை விட்டுட்டுப் போகலாமா?

இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத நீரில் பத்திரமாக வளர்ந்து, பெரிதான பிறகே கடலுக்குத் திரும்பும். கைக்குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிற ஏற்பாடு இறாலுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அழைத்துப் போவதாக இருந்தால், கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, இதில் எது முந்தியோ அதுவரைதான். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் மொட்டைத் தலைப் படத்தைப் பார்த்து அதிகாரி புன்னகைப்பது மட்டும் இலவசம்.

இதில் விளையாட்டு வேண்டாம்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஏரியில் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. எந்த நாட்டுக் கடலிலும் உயிர்காப்பு உடை இல்லாமல் படகில் ஏறாதீர்கள். "கூட்டத்தோட கூட்டமா ஒரு ரவுண்டு" என்றால் இறங்கி வாருங்கள்.

விரும்பிப் போகாத பயணிகள்

17ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான படாவியாவுக்குக் கொண்டுபோனது டச்சுக் கம்பெனி. பஞ்ச காலங்களில் இந்த வியாபாரம் பெருகியது. பாஸ்போர்ட்டும் ரிட்டர்ன் டிக்கெட்டும் கையில் இருக்க, பிடித்த ஊருக்குப் பிடித்தவர்களோடு போய்வருவது எவ்வளவு பெரிய பேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை.

லேபிளைத் திருப்பிப் பாருங்க

பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் உலகச் சந்தையில் அவ்வளவு பேர் வாங்கியவை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதி நெசவாளர்களே அதேபோல் நெய்து, அதே ஊர்ப் பெயரில் விற்றார்கள். இன்று நிலைமை தலைகீழ்: லண்டனில் ஆசையாக வாங்கிய டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பினால் திருப்பூர் சரக்காக இருக்கலாம். சித்தப்பாவுக்குக் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள், அவரும் திருப்புவார்.

போகும்போது பரிசாகக் கொண்டுபோக நம் ஊரிலேயே சரக்கு உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் சின்னப் பெட்டிகள் இறகு போல் லேசு, உடையாது, கசியாது. தாவரப் பொருளுக்குக் கெடுபிடி உள்ள நாடாக இருந்தால் சுங்கத்தில் காட்டிவிடுங்கள்.

டூர் முடிந்த பிறகு

ரோஜேரியஸ் 1649இல் இறந்தார். பழவேற்காட்டில் பத்து ஆண்டு சேர்த்த குறிப்புகள் அப்படியே மட்கிப் போயிருக்கும். அவருடைய மனைவி எம்மெரென்ஷியா பூல்ஸ் அவற்றை 1651இல் லெய்டனில் புத்தகமாகக் கொண்டுவந்தார். பின்னர் அது ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் போனது; இந்தியாவைப் பற்றி ஐரோப்பா படித்த முக்கியமான நூல்களில் ஒன்றானது. நாம் ஐந்து நாள் டூரில் இரண்டாயிரம் படம் எடுக்கிறோம். அதில் பாதி விமான இறக்கை, கால்வாசி சாப்பாட்டுத் தட்டு. அம்மா எந்தப் படத்திலும் இல்லை, ஏனென்றால் எடுத்ததே அவர்தான். திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து நல்லதாக முப்பது படம் பொறுக்கி, பின்னால் தேதியும் ஊரும் எழுதி, பிரின்ட் போட்டுவிடுங்கள். இந்த முறை அந்த வேலையை அப்பா செய்யட்டும்.